வேலுக்குத் திருவாசியாய் சோடா மூடி: கலண்டர் சாமியும் சினிமாக் கட்-அவுட்டும் ஒரே கன்வஸில்

கோண்டாவில்_கோடுகள்:

எல்லாருக்கும் வணக்கம். 4 அடி அகலம், 5 அடி உயரத்தில ஒரு கன்வஸ். அக்ரிலிக். நடுவில வேல். நல்லூரில மூலஸ்தானத்தில இருக்கிறதும் வேல்தானே, அதால முருகன்ர உருவம் வைக்கேல்லை. வேலைச் சுத்தித் திருவாசி எண்ட சுவாலை வளைவு, அதில சுவாலை வரவேண்டிய இடங்களில சோடா மூடி, ஃபோன் கவர், கேம் கொன்ற்றோலர். துவாரபாலகர் நிக்கிற ரெண்டு பக்கமும் சினிமாக் கட்-அவுட் நாயகர்கள், பாலாபிஷேகம் நடந்த கோலத்தோட. பின்னால சிவகாசிக் கலண்டரில வாற மாதிரி மலை, அருவி, தாமரைக்குளம்.

சிக்கல் நாலு. திருவாசிக்கு இமிற்றேஷன் தங்கத்தாளை அக்ரிலிக் மீடியத்தால (நிறம் சேராத அக்ரிலிக் பசை) ஒட்டி, அதையே மேலயும் பூசினால் மாதிரிப் பலகையில ஓரமெல்லாம் பச்சை பூக்குது. பின்னணிக்கு அசல் கலண்டர் தாளை வெட்டி ஒட்டினால் கொப்புளம். நாயகர்களின்ர முகத்துக்குக் கலண்டர் சாமியின்ர அந்த வழுவழுப்பு வேணும், ஆனால் இழைக்க முன்னமே அக்ரிலிக் காய்ஞ்சு போகுது. நாலாவதுதான் பெரிய கவலை. கொம்பியூட்டரில அடுக்கிப் பாத்த லேஅவுட் வட்ஸ்அப்பில வாற பகிடிப் படம் மாதிரி இருக்கு, ஓவியமாய்த் தெரியேல்லை. எங்க பிழை?


அரக்கும்_ஸ்பிரிட்டும்:

பிள்ளை, தங்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லுறன். மற்றதுக்கு ஆக்கள் வருவினம்.

இமிற்றேஷன் தாளில தங்கம் ஒரு துளியும் இல்லை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை அது. அக்ரிலிக் மீடியம் காரத்தன்மையானது, கனக்க மீடியங்களில அமோனியாவும் சேர்ந்திருக்கும். அது ஈரமாய்ச் செம்பில பட்டால் பச்சை தொடங்கிவிடும். அதுக்கு மேல எங்கட உப்புக்காத்து வேற. கைவியர்வையும் உப்புத்தான், தாளை வெறுங்கையால தொட்ட இடம் பிறகு கைரேகையோட அப்பிடியே கறுக்கும். பருத்திக் கையுறை போடுங்கோ.

செய்யிற ஒழுங்கு இது. திருவாசி வாற இடத்துக்கு முதல்ல செங்காவி நிறம், அதுக்குள்ள கொஞ்சம் மஞ்சட்காவி கலந்து ரெண்டு கை பூசுங்கோ. காய்ஞ்சபிறகு 400 நம்பர் சான்ட் பேப்பரால மெல்லிசாத் தேய்க்க வேணும். தங்கத்தாளில வெடிப்பு விழாமல் இராது, விழுகிற வெடிப்புக்குள்ளால வெள்ளை தெரிஞ்சால் உரிஞ்ச சுவர் மாதிரித் தெரியும், காவி தெரிஞ்சால் தங்கம் சூடாய்த் தெரியும். பிறகு சைஸ், அதாவது தங்கத்தாளை ஒட்டுற பசை. இமிற்றேஷன் தாளுக்கு எண்ணெய் சைஸ்தான் பாதுகாப்பு, தண்ணி இல்லை. 3 மணித்தியாலச் சைஸ், 12 மணித்தியாலச் சைஸ் எண்டு வரும், பேரில உள்ள நேரத்தை நம்பாதேங்கோ. மாரியில ரெண்டு மடங்கும் இழுக்கும். விரல் மொளியால தொட்டு எடுக்கேக்க மெல்லிய ‘டிக்’ சத்தம் வரவேணும், ஆனால் விரலில ஒட்டக்கூடாது. அதுதான் பதம். முந்தினால் தாள் சைஸுக்குள்ள தாழ்ந்து மங்கும், பிந்தினால் ஒட்டாது.

தண்ணிச் சைஸ்தான் கையில இருக்கெண்டால் அதுவும் பாவிக்கலாம். பால் நிறத்தில பூசுபடும், 15 முதல் 30 நிமிஷத்தில கண்ணாடி மாதிரித் தெளியும். முழுக்கத் தெளியும்வரை கை வைக்கக்கூடாது. பிறஷ் நுனியில குட்டை கட்டி நிண்ட இடத்தில ஈரம் அடியில சிறைப்பட்டு, கீழயிருந்து தாளை அரிக்கும். உங்கட பலகையில ஓரத்தில மட்டும் பச்சை வந்ததெண்டால் அங்கதான் மீடியம் தேங்கியிருக்கும், வடிவாப் பாருங்கோ.

ஒட்டி ஒரு நாள் விட்டு, பஞ்சால துடைச்சு, மேல் பூச்சு. இதில அக்ரிலிக் வேண்டாம். தச்சுவேலைக்காரர் பாவிக்கிற பிரெஞ்ச் பொலிஷ், அதாவது அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில கரைச்சது, காணும். 1 லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் மெழுகு நீக்கின அரக்கு. மெல்லிசா ரெண்டு கை. மெழுகுள்ள அரக்கெண்டால் அதுக்கு மேல பெயின்ற் பிடிக்காது. கரைச்சு ஆறு மாதத்துக்கு மேல வைச்சிருந்த பொலிஷையும் தவிருங்கோ, அது எந்தக் காலத்திலும் சரியாய்க் காயாது. அரக்குப் பூச்சு முழுக்கக் காய்ஞ்சபிறகு அதுக்கு மேல அக்ரிலிக்கால கோடு போடலாம், நிழல் போடலாம்.

கணக்கு: திருவாசியின்ர வெளி விட்டம் 60 செ.மீ., உள் விட்டம் 40 செ.மீ., முக்கால் வட்டம் எண்டு வைச்சால் பரப்பு கிட்டத்தட்ட 1,180 சதுர செ.மீ. இமிற்றேஷன் தாள் 14 செ.மீ. சதுரம். ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுற ஓரம் போகத் தாளுக்கு 160 சதுர செ.மீ. தேறும். சேதாரத்தோட 10 முதல் 12 தாள், 25 தாள் புத்தகம் ஒண்டு தாராளம். அசல் தங்கத்தாள் 8 செ.மீ. சதுரம், அதில 50 சதுர செ.மீ.தான் தேறும், அப்ப 24 தாள் வேணும். ஒரு புத்தகம் மட்டுமட்டு, ரெண்டு எடுக்க வேணும். விலை வலிக்கும். ஆனால் 22 கரட்டுக்கு மேல உள்ள தாளுக்குப் பச்சையும் இல்லைக் கறுப்பும் இல்லை. அதில ரிஷ்யூத் தாளோட ஒட்டின தங்கத்தாளாய்க் கேட்டு வாங்குங்கோ. சும்மாத் தாள் சோளகக் காத்தில யன்னல் திறந்தாலே பறந்திடும்.

வாகனங்களுக்கு அடிக்கிற தங்கப் பவுடரை நினைச்சும் பாக்காதேங்கோ. அதுவும் பித்தளைதான், மண்ணிறமாய்ப் போகும். செலவு குறைய வேணுமெண்டால் மைக்கா சேர்ந்த தங்க நிற அக்ரிலிக். மினுக்கம் குறைவு, ஆனால் நிறம் மாறாது.


சயன்_மஜெந்தா:

கலண்டர் தாளை ஒட்டுவது பற்றி. என்னுடைய ஆலோசனை, அசல் தாளை ஒட்டவே வேண்டாம்.

ஓப்செற் அச்சில் மஞ்சளும் மஜெந்தாவும் வெயிலில் முதலில் போகும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். வெயில் படுகிற கடைச் சுவர்களில் எல்லாச் சாமியும் கிருஷ்ணன் நிறத்துக்கு வருவது இதனால்தான். அதைச் சுற்றி நீங்கள் அக்ரிலிக்கில் தீட்டிய பகுதி நிறம் மாறாது. சில வருஷத்தில் ஒட்டுப் போட்டது தனியே தெரியும். மலிவுத் தாளில் அமிலமும் உண்டு, பழுக்கும்.

கலண்டரை 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணி, தேவையான பகுதியை மட்டும் பெருப்பித்து, அமிலமில்லாத 80 முதல் 100 கிராம் தாளில் லேசர் பிறின்ற் எடுங்கள். சாயமை இங்க்ஜெற் பிறின்ற் மீடியம் பட்டவுடன் கரையும். எடுத்த பிறின்றின் மூலையில் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஸ்கான் மென்பொருள் அச்சுப் புள்ளிகளை அழிக்கப் பார்க்கும், அதை நிறுத்திவிடுங்கள். புள்ளி ஒவ்வொன்றும் 2, 3 மி.மீ. வரும்வரை பெருப்பித்தால் மலையும் அருவியும் நாலு நிறப் புள்ளிக் கூட்டமாக உடையும். பத்தடி தள்ளி நின்றால் கலண்டர், கிட்ட வந்தால் வெறும் புள்ளி. உங்கள் பின்னணிக்கு அது பொருந்தும். சின்னப் புள்ளியோடு அப்படியே ஒட்டினால் பக்கத்தில் உள்ள பெயின்ற்றுக்கு முன் தட்டையாக, உயிரில்லாமல்தான் கிடக்கும்.

கொப்புளத்துக்குக் காரணம், தாள் ஈரம்பட்டு விரிவது. காய்ந்த தாளைப் பசைமேல் வைத்தால் அது ஒட்டிய பிறகு விரியும், விரிய இடமில்லாமல் எழும்பும். அதனால் ஒட்டுமுன் தாளின் பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி 2, 3 நிமிஷம் விடுங்கள், விரிய வேண்டியது முதலே விரியட்டும். கன்வஸிலும் தாளின் பின்பக்கத்திலும் மற் (மினுக்கமில்லாத) மீடியம் பூசி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக றப்பர் றோலரை உருட்டுங்கள். கன்வஸுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு பலகையைச் செருகாமல் உருட்டினால் கன்வஸ் குழிந்து சட்டத்தின் விளிம்பு கோடாக விழும், அந்தக் கோடு பிறகு போகாது. மேல் பூச்சு அடுத்த நாள்தான். தச்சு வேலைக்குரிய வெள்ளைப் பசை வேண்டாம், காய்ந்த பிறகும் தண்ணி பட்டால் இளகும், மஞ்சளும் அடிக்கும்.

ஏற்கெனவே வந்த கொப்புளத்தை பிளேட் நுனியால் சின்னதாகக் கீறி, ஊசியால் மீடியம் ஏற்றி, கேக் சுடப் பாவிக்கும் பேக்கிங் தாள் வைத்து மேலே பாரம் வையுங்கள். 


சித்திரத்தேர்:

உங்கள் நாலாவது கேள்விக்கே வருகிறேன். மற்ற மூன்றும் கைவேலை, பழகினால் வரும்.

பகிடிப் படம் எப்படி உருவாகிறது? ஒரு சாமிப் படம், அதன்மேல் சம்பந்தமில்லாத ஒரு பொருள். அந்தப் பொருளை எடுத்துவிட்டால் சாமிப் படம் அப்படியே இருக்கும். அதாவது அந்தப் பொருளுக்குப் படத்தில் ஒரு வேலையும் இல்லை. தெய்வ உருவத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பதவி உண்டு: வாகனம், ஆயுதம், பீடம், திருவாசி, பரிவாரம், வாயில் காவல். வெளியிலிருந்து வருகிற பொருள் இந்தப் பதவிகளில் ஒன்றை ஏற்று அதன் வேலையை முழுதாகச் செய்ய வேண்டும். அமெரிக்க ஓவியர் வோர்ஹோல் 1986இல் செய்த கடைசி இராப்போசனப் படமொன்றில் டவ் சவர்க்காரத்தின் புறாச் சின்னம் இயேசுவுக்கு மேலே வருகிறது. கிறிஸ்தவ ஓவியத்தில் பரிசுத்த ஆவியின் புறா வரவேண்டிய இடம் அது. 59 சதம் என்ற விலைச்சீட்டையும் அதே கன்வஸில் வைத்தார். சின்னத்தை எடுத்துவிட்டால் அந்தப் படமே இல்லை. அவர் பைசாந்தியக் கத்தோலிக்க வழிபாட்டில் வளர்ந்தவர், எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்துதான் வைத்தார்.

உங்கள் திட்டத்தில் பதவி சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். வேலையைத்தான் கொடுக்கவில்லை.

துவாரபாலகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கதாயுதம், கோரைப்பல், உருட்டிய விழி, சுட்டுவிரலை நிமிர்த்தி எச்சரிக்கிற தர்ஜனி முத்திரை. ‘உள்ளே இருப்பது பெரிது, பார்த்து நட’ என்கிற விரல் அது. சினிமாச் சுவரொட்டியில் நாயகன் பஞ்ச் வசனத்துக்கு நீட்டுகிற விரல் எது? அதே சுட்டுவிரல். கட்-அவுட்டில் கைகூப்பிய நாயகனை வைக்காதீர்கள், விரல் நீட்டியவனை வையுங்கள். வலப்பக்கத்தவனின் வலக்கை, இடப்பக்கத்தவனின் இடக்கை, கண்ணாடியில் பார்த்ததுபோல. ஒரு கால் குறுக்கே மடிந்து கதாயுதத்தில் ஊன்றட்டும், அதற்குப் பதில் மைக் ஸ்ராண்ட் இருக்கலாம். இவ்வளவும் சரியாக வந்தால் பார்க்கிறவர் சிரிக்கமாட்டார், முதலில் துவாரபாலகரைத்தான் காண்பார், பிறகுதான் முகம் தெரியும். அந்த ஒரு நொடித் தாமதம்தான் உங்களுக்குத் தேவை.

அடுத்தது பார்வை. கலண்டர் தெய்வம் நேராக நம்மைப் பார்க்கும், தரிசனம் என்றால் இருபக்கமும் பார்ப்பது. உங்கள் நடுவில் வேல், அதற்குக் கண் இல்லை. இரண்டு நாயகர்களும் நேராகப் பார்த்தால் நடுவில் உள்ளது வெறும் இரும்பாகிவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள். சினிமாவுக்கும் பொருந்தும், பார்வையும் அடங்கும். அளவிலும் அடக்குங்கள்: கன்வஸ் 60 அங்குலம் என்றால் வேல் 42, நாயகர்கள் 30க்கு மேல் போகக் கூடாது. நவதாலத்தில், அதாவது முகத்தைப் போல ஒன்பது பங்கு உயரம் என்ற சிற்ப அளவில், பிரித்தால் முகம் 30இல் ஒன்பதில் ஒரு பங்கு, மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். இங்கே முகம் என்பது மயிர்க்கோட்டிலிருந்து நாடிவரை. தலை முழுவதையும் அளந்து பிரித்தால் உருவம் வளர்ந்துவிடும். கட்-அவுட் படங்களில் தலை வழக்கமாகப் பெரிது, அதை அப்படியே எடுத்தால் துவாரபாலகர் குள்ளமாவார்.

திருவாசி இரண்டு மகரத்தின் (முதலை போன்ற கற்பனை விலங்கு) வாயிலிருந்து புறப்பட்டு மேலே யாளி முகத்தில் முடிய வேண்டும். அந்த எலும்பு இல்லாமல் பொருட்களை வட்டமாக அடுக்கினால் அது கடைப் பலகை. சுவாலை எண்ணிக்கை ஒற்றைப்படை, பக்கத்துக்கு 10, உச்சியில் 1. மேலே அண்ணை சொன்ன அளவில் நடுக்கோட்டின் நீளம் சுமார் 118 செ.மீ., ஆகவே சுவாலைக்கு 5.6 செ.மீ. இடைவெளி. சோடா மூடியின் விட்டம் 3 செ.மீ.யை ஒட்டி வரும், அதை நடுவில் வைத்து மூன்று நாக்குச் சுவாலையை அதிலிருந்து எழுப்பினால் அளவாக அடங்கும். (மூடியின் விளிம்பில் பல் எண்ணிப் பாருங்கள், அதுவும் 21.) ஃபோன் கவரும் கொன்ற்றோலரும் இந்த அளவுக்குள் அடங்காது. அவற்றில் ஒன்றை மகரத்தின் இடத்துக்குக் கொண்டுபோங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். மூன்று பொருள் வேண்டாம். இரண்டே அதிகம்.

கடைசியாக ஒளி. கலண்டர் படத்தில் தரையில் நிழல் விழாது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருக்கும். சினிமாச் சுவரொட்டியில் பின்னாலிருந்து நீலமும் செம்மஞ்சளும் விளிம்பில் அடிக்கும். இரண்டையும் ஒரே கன்வஸில் அப்படியே விட்டதால்தான் உங்கள் லேஅவுட் வெட்டி ஒட்டியதாகத் தெரிகிறது. கலண்டரின் ஒளியையே எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.

கலண்டர் சாமியே கலப்புத்தான் என்பதையும் மறக்க வேண்டாம். ரவிவர்மா ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில் தெய்வங்களைத் தீட்டி, 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி வீடுவீடாக அனுப்பினார். கோவில்பட்டிக் கலண்டர் ஓவியர் கொண்டையராஜு நாடகக் கொம்பனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். நீங்கள் பின்னணிக்கு எடுத்திருக்கிற மலையும் குளமும் நாடகத் திரைக்கும் சொந்தம். பக்கத்தில் சினிமா நாயகன் வந்து நின்றால் அவன் அந்நியனில்லை.


கச்சான்காத்து:

சித்திரத்தேர் ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு ஒழுங்காய்ப் பொருத்தினால் கடைசியில கோயில் திருவிழா மலரின்ர அட்டைப்படம்தான் வரும். மோதல் எங்க? எங்கட ஓட்டோக்களின்ர பின்கண்ணாடியைப் பாருங்கோ: வேல், பக்கத்தில ஸ்பைடர்மான், கீழ ‘அம்மா அப்பா ஆசி’. ஒரு பதவியும் இல்லை, ஒரு தாலமும் இல்லை, ஆனால் உயிர் இருக்கு. இந்திய ஓவியர் பூபென் கக்கர் 1960களில செய்த ஒட்டுச்சித்திரங்களில மலிவுச் சாமிப் படங்களை வெட்டி ஒட்டித்தான் துவங்கினவர். வெட்டின ஓரம் தெரியிறதே அதின்ர அழகு.


சித்திரத்தேர்:

ஓட்டோக் கண்ணாடியில் உயிர் இருப்பதற்குக் காரணம், அது ஓட்டோவில் இருப்பது. ஓட்டுகிறவரின் பயம், பாசம், ரசனை மூன்றும் ஒரே கண்ணாடியில். அதைக் கன்வஸுக்கு மாற்றினால் கன்வஸ்காரரின் நையாண்டியாகிவிடும், ஓட்டோக்காரர் காணாமல்போவார். வெட்டிய ஓரம் வேண்டுமென்றால் ஓர் இடத்தில் வையுங்கள், நாயகர்களின் பின்னால் கட்-அவுட்டைத் தாங்குகிற கம்புச் சட்டம் ஒரு விரற்கடை தெரியட்டும். எல்லா ஓரமும் ஒரே கூர்மையில் இருந்தால் கண்ணுக்கு எங்கு நிற்பதென்று தெரியாது.

இந்திய ஓவியர் அதுல் டோடியா 2002 அளவில் கடை றோலர் ஷட்டரிலேயே மகாலட்சுமியைத் தீட்டினார். ரவிவர்மா வழிவந்த அதே லட்சுமி, குறையில்லாமல். ஷட்டரை உயர்த்தினால் பின்னால் வேறு படம், செத்துப்போன மூன்று சகோதரிகள். மோதல் வருவதற்கு லட்சுமி கோணலாக இருக்க வேண்டியதில்லை, சரியாக இருந்ததால்தான் மோதல் வந்தது.


லின்சீட்:

மூண்டாவது கேள்வி அநாதையாய்க் கிடக்கு.

அக்ரிலிக்கில முகம் இழைக்க ரிற்றார்டர் (காயிறதைப் பிந்தவைக்கிற திரவம்) சேர்க்கலாம், ஆனால் பெயின்ற்றின்ர அளவில 15 வீதத்துக்கு மேல போனால் மேற்பரப்பு ஒட்டும் பதத்திலயே நிக்கும், எங்கட தூசி முழுக்க அதில குடியேறும். சித்திரை வைகாசி மத்தியானத்தில ரிற்றார்டரும் கைகொடுக்காது, விடியக்காலமை வேலை செய்யுங்கோ. பலெற்றுக்கு அடியில ஈரப் பஞ்சும் மேல பேக்கிங் தாளும் விரிச்சால் பெயின்ற் தாக்குப்பிடிக்கும்.

என்ர கருத்து, மூன்றங்குல முகத்துக்கு இந்தப் போராட்டம் வேண்டாம். முகத்தின்ர நிழல், உருண்டையை அக்ரிலிக்கில மெல்லிசா, மினுக்கமில்லாமல் முடியுங்கோ. அதுக்கு மேல எண்ணெய்ப் பெயின்ற்றால ஒரே ஒரு மெல்லிய படை. காய்ஞ்ச மென்மயிர்ப் பிறஷை எடுத்து, நிறமும் நிறமும் சந்திக்கிற எல்லையில குறுக்கும் நெடுக்குமாய் இறகு தொட்ட மாதிரித் தடவ, கோடு கரையும். ரெண்டு தடவலுக்கு ஒருக்காப் பிறஷைத் துணியில துடைக்க வேணும், இல்லாட்டி முகம் முழுக்க ஒரே சேறு. கலண்டர் முகத்தில கறுப்பு நிழல் இல்லை: கன்னத்து நிழல் இளஞ்சிவப்பு, நாடிக்குக் கீழ ஊதா. கறுப்பைத் தொட்டால் உடன சினிமாச் சுவரொட்டி முகம்.

அக்ரிலிக்குக்கு மேல எண்ணெய் நிக்கும். எண்ணெய்க்கு மேலயோ எனாமலுக்கு மேலயோ அக்ரிலிக் நிக்காது, உரியும். அதால நாயகர்களில வழியிற பாலை அக்ரிலிக்கில செய்யிறதெண்டால் முகத்தில எண்ணெய் வைக்க முன்னம் செய்யுங்கோ, இல்லாட்டிப் பாலையும் எண்ணெயிலயே செய்யுங்கோ. கன்வஸை நிமித்தி வைச்சு, வெள்ளையில ஒரு துளி மஞ்சள் சேர்த்து ஓடவிடுங்கோ. தனி வெள்ளை பாலாய்த் தெரியாது, சுவர்ப் பெயின்ற்றாய்த் தெரியும்.

கன்வஸுக்கு அடிப்பூச்சாய்ப் பூசுற ஜெஸ்ஸோ எவ்வளவெண்டு நீங்கள் கேக்கேல்லை, கேப்பியள்: 20 சதுர அடிக்கு நாலு கை, ஏறக்குறைய 1 லீற்றர். ஒரு கை நெடுக்கு, அடுத்தது குறுக்கு.


கோண்டாவில்_கோடுகள்:

எல்லாருக்கும் நன்றி. கொன்ற்றோலரை விட்டிட்டன், ஃபோன் கவரை மகரத்துக்குக் கொண்டுபோறன். கறுப்புக் கண்ணாடி யோசனை உடன பிடிச்சுது. ஒரு சின்னக் கேள்வி: நாயகர்களுக்குச் சப்பாத்து இருக்கலாமோ? சித்திரத்தேர் ஐயா, கோயில்காரர் ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்? மற்றது நடிகரின்ர படத்தைப் பாத்துக் கீறினால் பிரச்சினை வருமோ?


சித்திரத்தேர்:

துவாரபாலகருக்கு வெறுங்கால். கட்-அவுட்டுக்குச் சப்பாத்து. வேலுக்குப் பக்கத்தில் சப்பாத்து இருந்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் வேறொன்றையும் பார்க்கமாட்டார்கள், கதை அதோடு முடியும். அதுதான் உங்கள் பேச்சு என்றால் வையுங்கள், இல்லையென்றால் வெறுங்கால். கணுக்காலோடு வெட்டித் தப்பிக்க வேண்டாம், கால் தெரியாதவன் காவல்காரனாகத் தெரியமாட்டான். மூடியில் பியர்ப் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்சிக்கு வைக்கும்போது படத்தைத் தரையில் சாய்த்து வைக்கக் கூடாது, கீழ் விளிம்பு இடுப்பு உயரத்துக்கு வரட்டும்.


சயன்_மஜெந்தா:

உரிமை பற்றி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோனின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருஷமும். ரவிவர்மா 1906இல் மறைந்தவர், தாராளமாக எடுக்கலாம். கொண்டையராஜு 1976இல் மறைந்தவர், 2046 முடியும்வரை அவர் படத்தை அப்படியே பிரதிபண்ண முடியாது. பாணியைப் பின்பற்றலாம், பாணிக்கு உரிமை கிடையாது. நடிகரின் ஒரே ஒரு படத்தைப் பார்த்து அப்படியே கீறாதீர்கள், அந்தப் புகைப்படம் இன்னொருவரின் ஆக்கம். நாலைந்து படம் பார்த்து, உடை ஒன்றிலிருந்து, நிலை சித்திரத்தேர் சொன்ன சிற்பத்திலிருந்து, முகம் உங்கள் கையிலிருந்து.

மத உணர்வைப் புண்படுத்துவது பற்றித் தண்டனைச் சட்டக்கோவையில் 291அ, 291ஆ பிரிவுகள் உண்டு. இரண்டும் வேண்டுமென்றே செய்ததா என்பதைத்தான் கேட்கின்றன. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவையும் மத வெறுப்பு விஷயத்தில் பாவிக்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி எழுதுவது நல்லது. பல தடவை படத்தைவிடக் குறிப்புத்தான் வம்பை இழுக்கும்.


அரக்கும்_ஸ்பிரிட்டும்:

வார்னிஷ் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. முகத்தில எண்ணெய்ப் பெயின்ற் வைச்சால் அந்த இடத்துக்கு ஆறு மாதத்துக்கு வார்னிஷ் கிடையாது. மற்ற இடத்துக்கு இப்ப அடிச்சு முகத்துக்குப் பிறகு அடிச்சால் மினுக்கம் வேறுபடும், பொறுத்து ஒரேயடியா அடியுங்கோ. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில வேண்டாம், காத்தில ஈரம் கூடினால் வார்னிஷ் வெள்ளை பூக்கும். சோளகம் வீசேக்க வெளியிலயும் வேண்டாம், தூசி ஒட்டும். பங்குனியில, காலமை பத்து மணிக்குப் பிறகு, மின்விசிறியை நிப்பாட்டி.

கொழும்புக்குக் காட்சிக்கு அனுப்புறதெண்டால் பபிள் ராப்பின்ர குமிழ்ப்பக்கம் கன்வஸில படக்கூடாது. மூடின வான் வண்டி வெயிலில நிண்டால் அக்ரிலிக் இளகும், குமிழெல்லாம் வேலில வட்டம் வட்டமாய்ப் பதியும். முதல்ல சிலிக்கோன் பேக்கிங் தாள், அதுக்கு மேல குமிழ் வெளிப்பக்கம் பாக்க பபிள் ராப், நாலு மூலைக்கும் காட்போட். தங்கம் ஏறின பக்கத்தில கயிறு அழுத்தாமல் கட்டுங்கோ.